இலவசப் பயிற்சிக்கு ஆகும் செலவு

போன மாதம் ஒரு சாயங்காலம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி போனை நீட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ். முப்பது நாள் தையல் பயிற்சி, கட்டணம் கிடையாது, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், முடித்தால் சான்றிதழ்.

"போகட்டுமா மதினி?"

"போகலாம் தாயி. மாசம் எத்தனை லோன் கட்டுற?"

அவள் முகம் சுண்டிவிட்டது. பயிற்சியைப் பற்றிக் கேட்க வந்தால் இவள் வீட்டுக் கடனைக் கிளறுகிறாளே என்று நினைத்திருப்பாள். நான் வேண்டுமென்றேதான் அங்கே ஆரம்பித்தேன். எங்கள் ஊரிலிருந்து யார் யார் பயிற்சிக்குப் போனார்கள், யார் பாதியில் திரும்பினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பாதியில் திரும்பியவர்களில் பாடம் புரியவில்லை என்று வந்தவள் ஒருத்திகூட இல்லை. தவணை நாள் வந்துவிட்டது, பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியார் வழுக்கி விழுந்துவிட்டார், மிஷினில் ரேகை விழவில்லை. காரணமெல்லாம் இப்படித்தான் இருக்கிறது.

நான் மண்டபம் பக்கத்துக் கடற்கரைக்காரி. இருபது வருஷம் கடலில் இறங்கிப் பாசி எடுத்தவள். வீட்டுக்காரர் இறந்த பிறகு விதவை பென்ஷன், நூறு நாள் வேலை, ரேஷன் அரிசி என்று ஓடியது. 2018-இல் ஆர்செட்டியில், அதாவது வங்கி நடத்தும் சுயதொழில் பயிற்சி நிலையத்தில், தையல் படித்தேன். இப்போது வீட்டில் தைக்கிறேன், மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கணக்கும் எழுதுகிறேன். அதனால் பயிற்சிப் படிவம் என்றாலே என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களிடம் வாயால் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முப்பது நாள் கணக்கு

2018-இல் நான் போனது இரண்டாவது தடவை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வேறொரு பயிற்சியில் சேர்ந்து, ஒன்பதாம் நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். லோன்காரர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். காலை பத்து மணியிலிருந்து ஆள் மாற்றி ஆள் போன் போட்டார்கள். நான் வகுப்பில் சட்டைக் காலர் வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது போனுக்குப் பிறகு கத்தரி ஓடவில்லை.

அதனால் இரண்டாம் தடவை முதலில் ஒரு தாளை எடுத்துக்கொண்டேன். பாசிக்கு நாங்கள் மாதத்தில் பன்னிரண்டு நாள் போவோம், அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. அப்போது எனக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 400 ரூபாய் நின்றது. ஆக மாதம் 4,800 ரூபாய் வராமல் போகும். அடுத்து, நான் வீட்டில் இல்லாவிட்டாலும் நிற்காத செலவுகள். ஒரு கடனுக்கு மாதத் தவணை 1,860, இன்னொன்றுக்கு வாரம் 350 வீதம் 1,400, சீட்டு 500, அம்மாவும் பிள்ளையும் சாப்பிட மளிகை மீன் எல்லாம் சேர்த்து 2,000. மொத்தம் 5,760. பென்ஷன் அப்போது 1,000 ரூபாய். அதைக் கழித்தால் 4,760 துண்டு விழுந்தது. நோட்டீஸில் இலவசம் என்று போட்டிருந்த பயிற்சிக்கு என் செலவு அவ்வளவு.

இந்தத் தொகை கையில் வராமல் பெயர் கொடுக்காதீர்கள். எங்கிருந்து வரும் என்றால், எனக்குத் தெரிந்த வழிகள் மூன்று. முதலாவது, நம் மகளிர் குழுவில் உள்கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. நான் 5,000 வாங்கினேன். பாசி வியாபாரியிடம் முன்பணம் வாங்காதீர்கள். வாங்கினால் பயிற்சி முடிந்த மறுநாளே அவருக்காகக் கடலில் இறங்க வேண்டியிருக்கும், படித்தது அப்படியே போகும். இரண்டாவது, மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டம். நாம் 1,500 ரூபாய் சேர்த்துக் கட்டினால் அரசு 3,000 போட்டு 4,500 ஆகத் திரும்பி வரும். எங்கள் தெருவில் ஒருத்தி அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்து அதிலேயே பயிற்சி மாதத்தை ஓட்டினாள். கெட்டிக்காரி. மூன்றாவது நூறு நாள் வேலைக்காரர்களுக்கு. ஒரு வருஷத்தில் நூறு நாளும் முடித்த குடும்பத்தில் ஒருவர் பயிற்சிக்குப் போனால், இழந்த கூலிக்கு ஈடாக உதவித்தொகை தர 'உன்னதி' என்று ஒரு திட்டம் வந்தது. வயது 18-லிருந்து 45, அதிகபட்சம் நூறு நாள் வரைக்கும் ஈடு. எங்கள் பக்கம் அதைக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு, நோட்டீஸில் யாரும் போடுவதில்லை. நீங்கள் போகும் வருஷம் அது நடப்பில் இருக்கிறதா என்று யூனியன் ஆபீஸில் வாய்விட்டுக் கேளுங்கள்.

எந்த மாதம் போவது என்பதும் இந்தக் கணக்கில் சேரும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆம்பளைகள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு என்று நிறைய பேர் அந்த இரண்டு மாதத்தில் பயிற்சிக்குப் போகச் சொல்வார்கள். கைப்பிள்ளை இருக்கிறவளுக்கு அது சரி. கடன் இருக்கிறவளுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் வருமானமும் நின்று உங்கள் வருமானமும் நின்றால், தடைக்கால நிவாரணம் கணக்கில் ஏறும் வரை வீட்டில் உலை வைப்பதே பாடாகிவிடும். ஐப்பசி கார்த்திகையில், காற்றும் மழையுமாகக் கடல் கலங்கிப் பாசிக்கே போக முடியாத நாட்களில் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். எப்படியும் சும்மா இருக்கப்போகும் நாட்கள்தானே.

ரேகையும் பெயரும்

பாசி எடுத்த கைக்கு ரேகை இருக்காது. மரிக்கொழுந்துப் பாசி பாறையோடு பாறையாக ஒட்டி வளரும், விரலால்தான் பிடுங்க வேண்டும். துணி சுற்றிக்கொண்டாலும் கையுறை போட்டாலும் கல் கிழிக்கும். மூட்டம் போட்டுக் கரி அள்ளுகிறவர்களுக்கும், நண்டு உடைக்கிற பெண்களுக்கும் இதே கதைதான். பயிற்சிகளில் வருகைப் பதிவே விரல்ரேகை மிஷினில் என்னும்போது, நாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தும் மிஷின் கணக்கில் வரவில்லை என்றாகிவிடும்.

இதைப் பயிற்சி வாசலில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம். ரேஷன் கடையில் கூட்டமில்லாத நேரம் போய்ப் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். எது முதல் தடவையிலேயே விழுகிறதோ அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இடது கை மோதிர விரல். எதுவுமே விழாவிட்டால் தாலுகா ஆபீஸ் ஆதார் மையத்தில் பத்து விரலும் கண்ணும் புதிதாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். போவதற்கு ஒரு வாரம் முன்பே கடலில் இறங்குவதை நிறுத்தி, ராத்திரியில் விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சிரிக்காதீர்கள், பலன் உண்டு. சேரும் நாளிலேயே பயிற்றுநரிடம் "எனக்கு ரேகை சரியா விழாது சார், கண்ணு வெச்சுப் பதியலாமா, முகத்த வெச்சுப் பதியலாமா" என்று சொல்லிவிடுங்கள். பத்து நாள் கழித்துச் சொன்னால் விழாத நாட்களுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அடுத்தது பெயர். எங்கள் கரையில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் எழுதிய பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று. பெரியபட்டினம், கீழக்கரை பக்கம் பீவி, பேகம், பாத்திமா ஓரிடத்தில் ஒட்டியிருக்கும், ஓரிடத்தில் இருக்காது. இனிஷியலில் சிலருக்கு அப்பா, சிலருக்குப் புருஷன். பள்ளிக்கூடம் போனவர்கள் டி.சி.யில் என்ன இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி ஆதாரையும் பாஸ்புக்கையும் மாற்றிக்கொள்ளுங்கள். டி.சி.யை மாற்றுவது பெரும்பாடு. பள்ளிக்கூடமே போகாதவர்கள் ரேஷன் கார்டையும் ஆதாரையும் ஒன்றாக்கினால் போதும்.

பாஸ்புக் விஷயத்தில் ஒரு பெண் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பயிற்சிக்கான படிப் பணம் அவள் கணக்கில் ஏறவே இல்லை. மூன்று மாதம் அலைந்த பிறகுதான் தெரிந்தது: ஒரு லோன் கம்பெனி கடன் கொடுக்கும்போது அவள் பெயரில் வேறொரு வங்கியில் கணக்குத் திறந்து ஆதாரை இணைத்திருக்கிறது. அரசுப் பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். போன பணத்தை அந்தக் கம்பெனி தவணைக்கு எடுத்துக்கொண்டது. எந்தக் கணக்கில் உங்கள் ஆதார் இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டுவிட்டு, வேண்டிய கணக்குக்கு மாற்றி எழுதிக் கொடுங்கள். இரண்டு வருஷம் போட்டு எடுக்காத கணக்கு செயலற்றதாகிவிடும், நூறு ரூபாயாவது போட்டு எடுத்து உயிர்ப்பித்து வையுங்கள்.

மற்ற தாள்களைச் சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் கார்டு, ஜாப் கார்டு, சாதிச் சான்று, டி.சி., மார்க் ஷீட், போட்டோ. எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ்.

எந்த வாசலுக்கு முதலில்

நிறைய பேர் நேராகப் பட்டணம்காத்தானில் கலெக்டர் ஆபீஸுக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். அங்கே மகளிர் திட்ட அலுவலகத்தில், "உங்க ஊர்க் கூட்டமைப்புல எழுதி வாங்கிட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்புவார்கள். அதனால் கீழிருந்து போங்கள். முதலில் உங்கள் குழு, அடுத்து ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, அதற்கு மேல் யூனியன் ஆபீஸில் வட்டார இயக்க மேலாண்மை அலகு. மக்கள் நிலை ஆய்வுப் பட்டியலில் உங்கள் குடும்பத்தின் பெயர் இருக்கிறதா என்று கூட்டமைப்பில் பாருங்கள். ஏழை, மிக ஏழை என்று பிரித்திருப்பது அந்தப் பட்டியலில்தான். இல்லாவிட்டால் கிராம சபையில் மனுக் கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. அன்றைக்குப் பாசி நாளாக இருந்தாலும் போக வேண்டும்.

மண்டபம், தொண்டி மாதிரிப் பேரூராட்சியிலும், ராமேஸ்வரம், கீழக்கரை மாதிரி நகராட்சியிலும் இருப்பவர்களுக்கு ஊரகத் திட்டங்கள் பொருந்தாது. குடிசையும் கருவாடு காயப்போடுவதும் எங்களைப் போலவே இருந்தாலும் தாளில் அவர்கள் நகரவாசிகள். அவர்கள் தங்கள் அலுவலகத்தில் சமுதாய அமைப்பாளர் யார் என்று கேட்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அரசு நிறுவனமான தாட்கோ தனியாகப் பயிற்சி நடத்துகிறது.

பயிற்சியில் இரண்டு வகை இருக்கிறது, இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சொந்தத் தொழில் செய்ய ஆர்செட்டி. மாவட்டத்துக்கு ஒன்று, அந்த மாவட்டத்து முன்னோடி வங்கி நடத்தும். நமக்கு இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. 1982-இல் கர்நாடகாவில் தர்மஸ்தலா பக்கம் உஜிரேயில் ஆரம்பித்த ஒரு பயிற்சி நிலையத்தைப் பார்த்து நாடு முழுக்க வைத்தது. பத்து நாளிலிருந்து நாற்பத்தைந்து நாள் வரைக்கும் வகுப்புகள். நான் போனபோது 18-லிருந்து 45 வயதுவரை எடுத்தார்கள். இன்னொன்று சம்பள வேலைக்கு அனுப்பும் மத்திய அரசுத் திட்டம், பெயர் டி.டி.யு.ஜி.கே.ஒய். 2014-இல் வந்தது. 15-லிருந்து 35 வயது, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வரை. குறைந்தது மூன்று மாதம். வீட்டில் ஒருவர் நூறு நாள் வேலையில் 15 நாள் பார்த்திருந்தாலே தகுதி என்று அதன் விதியில் இருக்கிறது, தெரியாமல் எத்தனையோ பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். யூனியனில் இளைஞர் திறன் திருவிழா என்று பந்தல் போடுவார்கள். பயிற்சி கொடுக்கிறவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நாலு மேசையில் கேட்டுவிட்டு ஐந்தாவதில் பெயர் கொடுங்கள்.

என்ன படிப்பது

தையல் படித்துத் தையலில் பிழைக்கிற நான் சொல்கிறேன், எல்லாரும் தையலுக்குப் போகாதீர்கள். எங்கள் ஊரில் பதினோரு பேர் படித்தோம். நாலு பேர் தைக்கிறோம். மற்ற மிஷின்கள் மேல் ரேஷன் பை கிடக்கிறது. ஒரு தெருவுக்கு எத்தனை ஜாக்கெட் வேண்டியிருக்கும்? பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது எல்லாருக்கும் வேலை இருக்கும், மற்ற மாதத்தில் ஒருத்திக்கும் இருக்காது.

நான் நின்றது ஜாக்கெட்டால் இல்லை. பாசிக்குப் போகும் பெண்கள் ஆம்பளைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டுதான் கடலில் இறங்குவார்கள். தண்ணீரில் அது பலூன் மாதிரி உப்பிவிடும். இடுப்பிலும் மணிக்கட்டிலும் நாடா வைத்து முழுக்கைச் சட்டை தைத்தேன், இடுப்பில் கட்டிக்கொள்ளும் வலைப்பையும் தைத்தேன். முதலில் ஓசிக்கு இரண்டு பேருக்குக் கொடுத்தேன், பிறகு பாம்பன்வரைக்கும் கேட்டு வந்தார்கள். வகுப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை, இருபது வருஷம் கடலில் நனைந்ததில் வந்த யோசனை. நீங்கள் ஏற்கெனவே செய்கிற வேலைக்குப் பக்கத்தில் என்ன தேவைப்படுகிறது என்று பாருங்கள். கீழக்கரைக் கல்யாணங்களுக்கு ஆரி என்ற எம்பிராய்டரி வேலைப்பாடு கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கருவாடு, மீன் ஊறுகாய் செய்கிறவர்கள் அந்தப் பயிற்சிக்கே போகலாம். வருஷத்துக்கு 12 லட்சத்துக்குள் வியாபாரம் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அந்த எண்ணைப் பொட்டலத்தில் ஒட்டினால் மதுரைக் கடைக்காரர் வாங்குவார்.

பாசி வளர்ப்புக்கும் பயிற்சி உண்டு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். மூங்கில் தெப்பத்துக்குப் பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் மானியம். நாற்பத்தைந்து நாளில் அறுவடை, நல்ல தொழில்தான். ஆனால் சித்திரை வைகாசிச் சூட்டில் பாசி வெந்து வெளுத்துப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வருஷம் பூராவும் அதையே நம்பாதீர்கள்.

தையல்தான் என்று முடிவு செய்துவிட்டால் பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். விதவைகளுக்கும் கணவன் விட்டுப்போனவர்களுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மிஷின் திட்டம் உண்டு, வயது 20-லிருந்து 40. தையல் தெரியும் என்பதற்குச் சான்று கேட்பார்கள். எத்தனை மாதப் பயிற்சிச் சான்றை ஏற்பார்கள் என்பதைப் பயிற்சியில் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். அப்போது எனக்கு வயது தாண்டவில்லை, கேட்கத்தான் தோன்றவில்லை. பழைய மிஷினைக் காசு கொடுத்து வாங்கினேன்.

வெளியூர் வேலைக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு

மூன்று மாதப் பயிற்சி முடித்ததும் திருப்பூர், கோயம்புத்தூர், ஓசூர் பக்கம் வேலை என்பார்கள். சம்பளம் 12,500 என்று சொன்னால் அதைக் கையில் வாங்கும் தொகையாக நினைக்காதீர்கள். முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்று வைத்தால் பி.எஃப். 12 சதவீதம் 1,500, இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம் 94 ரூபாய், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 2,000 பிடித்தால் கையில் 8,906. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பது நல்லதுக்குத்தான், அந்தப் பணமும் வைத்தியமும் பிள்ளைக்கே வரும். பிடித்த பணத்துக்கு எண் கொடுத்தார்களா என்று மட்டும் பாருங்கள். விடுதிப் பிடித்தத்தை முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். போன பேட்ச்சில் போனவர்களில் இன்னும் அங்கேயே வேலை பார்க்கிற இரண்டு பேரின் போன் நம்பரைக் கேளுங்கள். தயங்கினார்கள் என்றால் நானாக இருந்தால் அனுப்ப மாட்டேன்.

வேலையில் சேர்ந்த பிறகும் அரசு கொஞ்ச நாள் கைகொடுக்கும். மாதம் 1,000 ரூபாய், சொந்த மாவட்டத்துக்குள் வேலை என்றால் 2 மாதம், மாநிலத்துக்குள் வேறு மாவட்டம் என்றால் 3 மாதம், வெளிமாநிலம் என்றால் 6 மாதம் என்று டி.டி.யு.ஜி.கே.ஒய். திட்டத்தில் வைத்திருந்தார்கள். முதல் சம்பளம் வரும் வரை பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது என்பதற்கான பணம் அது, கேட்டு வாங்குங்கள்.

அசல் சான்றிதழை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி ஒரு மில்லில் சேர்ந்தபோது சரிபார்க்க என்று பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவளுக்குப் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, வந்துவிட்டாள். தாளை வாங்க அவள் அம்மா மூன்று தடவை ராத்திரி பஸ்ஸில் போய் வந்தாள். ஒரு தடவை வாட்ச்மேன் கேட்டையே திறக்கவில்லை. காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

பென்ஷன் நின்றுவிடுமா

என்னிடம் அதிகம் கேட்பது இந்தக் கேள்விதான், அதுவும் குரலைத் தாழ்த்தி. பயிற்சிக்குப் போனதற்காக எனக்கு விதவை பென்ஷன் நிற்கவில்லை. சொத்து, ஆதரவு, மறுமணம் இவற்றைத்தான் அங்கே பார்க்கிறார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய் ஆனது, அதுவும் தானாக ஏறியது. ரேஷனுக்கும் பயிற்சிக்கும் சம்பந்தமே இல்லை.

வேலையில்லா இளைஞர் உதவித்தொகை வேறு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள், வயது 40-க்குள், பட்டியல் சாதி பழங்குடியினர் என்றால் 45. பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு மாதம் 200, தேறினால் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டத்துக்கு 600, மூன்று வருஷம் வரை கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் கூடுதல், பதிந்து ஒரு வருஷம் ஆனால் போதும். சம்பள வேலை கிடைத்தால் சொல்லிவிட வேண்டும், வருஷா வருஷம் சுய உறுதிமொழி எழுதித் தர வேண்டும். உதவித்தொகை வாங்குவதால் பதிவு ரத்தாகாது, அந்தப் பயம் வேண்டாம். பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். 300 ரூபாயில் என்ன வரும் என்பார்கள். பயிற்சிக்குப் போகும் பிள்ளையின் ரீசார்ஜும் பஸ் காசும் வரும்.

முடித்த பிறகு

சான்றிதழ் கையில் வாங்கின அன்று ஊருக்கு ஓடிவிடாதீர்கள். ஆர்செட்டி இரண்டு வருஷம் நம்மைத் தொடர்ந்து பார்த்து, வங்கிக் கடன் வாங்கித் தர உதவ வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. பயிற்சி நடக்கும்போதே திட்ட அறிக்கை எழுதி முடித்து, எந்த வங்கிக் கிளைக்கு என்று பெயர் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முத்ரா என்ற சிறுதொழில் கடன் திட்டத்தில், சிசு பிரிவில் 50,000 வரை பிணை இல்லாமல் தருவார்கள். கொஞ்சம் பெரிதாகச் செய்ய நினைத்தால் பி.எம்.இ.ஜி.பி. என்ற மானியக் கடன் திட்டம்; கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம், நம் கைப்பணம் 5 சதவீதம். கைத்தொழில் தெரிந்த 35 வயதைத் தாண்டியவர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது, மூன்று லட்சம் வரை கடன், மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000.

இங்கேதான் பழைய குழுக்கடன் திரும்ப வந்து நிற்கும். மேனேஜர் சிபில் பார்ப்பார், பழைய கடனை எப்படிக் கட்டினோம் என்ற பதிவு அது. நாலு தவணை தள்ளிப்போயிருந்தால் அங்கே தெரிந்துவிடும். தவணையைப் பற்றி முதலிலேயே நான் கேட்பதற்கு இதுவும் காரணம். தள்ளிப்போயிருந்தால் கட்டி முடித்து, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். கிளையில் வாயால் மறுத்தால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுக் கொடுத்து, ரசீது எண்ணைப் பத்திரமாக வையுங்கள். எனக்கு இரண்டாவது மனுவில்தான் நடந்தது.

பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு இரண்டு கடன். ஒன்று மூன்று மாதத்தில் முடிகிறது. அது முடிந்து வரும் பேட்ச்சுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம், தையலுக்கு இல்லை, ஆரிக்கு. ரேஷன் கடையில் பத்து விரலும் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் விழவில்லை. இந்த வாரம் அவள் கடலுக்குப் போகவில்லை. புதன்கிழமை இரண்டு பேரும் ஆதார் மையத்துக்குப் போகிறோம்.